டேப் சகாரிஸ்

சகாரிஸுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. சாப்பிடலாம், தொடக் கூடாது. பச்சை மீனின் ஈரம் பட்ட அரை மணி நேரத்தில் இரண்டு கைகளும் சிவந்து வீங்கிவிடும். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. வேறு எங்காவது பிறந்திருந்தால் இப்படி ஒரு குறை இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்திருப்பான். பிறந்தது வட அட்லாண்டிக்கில், மீனே பிழைப்பான பரோயே தீவுகளில்.

பதினேழு வயதில் தலைநகர் டோர்ஸ்ஹாவன் துறைமுகத்தில் ஒரு மீன் ஆலையில் சேர்ந்தான். பதினோரு நாள் தாக்குப்பிடித்தான். கையுறை போட்டுப் பார்த்தான், கையுறைக்குள் மீன் தண்ணீர் போயிற்று. இரண்டு கையுறை போட்டுப் பார்த்தான், கத்தி நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மேஸ்திரி அவன் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டு இந்த நாட்டுல என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். திட்டவில்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

பிறகு இருபது வருடத்துக்கு மேல் ரொட்டி வண்டி ஓட்டினான்.

எண்பத்து நான்கில் நாட்டுக்கு டெலிவிஷன் வந்தது. ஒரே ஒரு சானல். வாரத்தில் சில நாள், சாயங்காலம் மட்டும். நிலையத்தில் இரண்டு கேமராவும் நீலத் திரைச்சீலை ஒன்றும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு செய்தி வாசிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை யாரையாவது பாட வைக்கலாம். மற்றதெல்லாம் டென்மார்க்கில் ஒளிபரப்பாகி, டேப்பில் ஏறி, விமானத்தில் வந்தாக வேண்டும். டேப்புகளை விமான நிலையத்திலிருந்து கொண்டுவர முதலில் அமர்த்திய வண்டி மற்ற நாட்களில் காட் மீன் ஏற்றியது. ஒரு மாதத்தில் நிலையம் முழுக்க மீன் வாடை. இயக்குநர் ஐவின் வேறு வண்டி தேடினார். சகாரிஸின் ரொட்டி வண்டிக்குள் தலையை விட்டு ஒரு முறை மூச்சை இழுத்தார். "திங்கக்கிழமை வந்துடு" என்றார். நேர்காணல் அவ்வளவுதான்.

வேலை சுலபம். வண்டியைப் படகில் ஏற்றி, விமான நிலையம் இருக்கிற வோகர் தீவுக்குப் போக வேண்டும். விமானம் இறங்கினால் தகரப் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இறங்காவிட்டால் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஜன்னல் இல்லாத சின்ன அறையில் உட்கார்ந்து எல்லா டேப்பையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது கோடு விழுகிறதா, சத்தம் போகிறதா என்று குறிக்க வேண்டும்.

ஆக, நாட்டில் எல்லோருக்கும் முன்னால் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ஒரே மனிதன் அவன். எதுவும் புதிதாகப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். டேப் வரும்போதே சரக்குக்கு ஒரு வார வயது. போன வாரம் கோபன்ஹேகனில் பெய்த மழையை இந்த வாரம் வானிலை அறிக்கையில் பார்த்துவிட்டு, "குடை எடுத்துட்டுப் போயிருப்பாங்களா, பாவம்" என்று கவலைப்படுகிறவர்கள் இருந்தார்கள். புத்தாண்டு வாழ்த்து ஜனவரி எட்டாம் தேதி வரும். எழுந்து நின்று கோப்பையைத் தூக்குவார்கள்.

ஆபரேஷனுக்கு டென்மார்க் போகிறவர்கள் பாடுதான் கஷ்டம். அங்கே தொடர் ஓர் அத்தியாயம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் ஒன்று காணாமல் போய்விடும். திரும்பி வந்தால் பார்த்ததையே இன்னொரு முறை பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு கட்ரீனா பித்தப்பையை எடுத்துவிட்டு வந்தபோது, பித்தப்பை போனதைவிட நான்காவது அத்தியாயம் போனதைப் பற்றித்தான் அதிகம் பேசினாள்.

அந்தத் தொடரின் பெயர் 'சர்க்கரை மாளிகை'. பன்னிரண்டு வாரம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. சர்க்கரை ஆலை முதலாளி முதல் அத்தியாயத்திலேயே சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு கொதிக்கிற தொட்டியில் பிணமாக மிதப்பார். தள்ளியது யார்? தம்பியா, மருந்துக்கடைக்காரரா, கணக்கரா, வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்மணியா? இதுதான் கதை.

மூன்றாவது வாரத்திலேயே நாடு நான்காகப் பிரிந்துவிட்டது. ஆட்டுக்கடா வைத்துப் பந்தயம் கட்டினார்கள். காற்றில் உலர்த்திய இறைச்சித் தொடைகளை வைத்துக் கட்டினார்கள். நிச்சயமான ஒரு ஜோடி, அவள் மருந்துக்கடைக்காரரையும் அவன் தம்பியையும் சந்தேகப்பட்டதால், கல்யாணத்தைத் தொடர் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள்.

சகாரிஸை எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது. 'டேப் சகாரிஸ்' என்று பெயர் வந்தது. தெருவில் போனால் முகத்தைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை சிரித்துக்கொண்டு போனால், அந்த வாரம் தொடரில் யாருக்கோ கல்யாணம். தலையைக் குனிந்துகொண்டு போனால் சாவு. ஒரு முறை பல்வலியோடு போனான். ஊர் மூன்று நாள் கலங்கியது.

அவனும் சும்மா இருக்கிறவன் இல்லை. இருபது வருடம் ரொட்டிகளோடு பேசிக்கொண்டு வண்டி ஓட்டியவன். கேட்கிறதுக்கு ஆள் கிடைத்தால் விடுவானா? ஐந்தாவது வாரம் முடி வெட்டிக்கொள்ளும்போது, மாளிகையின் கிழட்டு நாய் வெள்ளிக்கிழமை செத்துப்போகும் என்று சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் தலைநகரம் முழுவதும் துக்கம். பத்திரிகைக்கு ஒன்பது கடிதம் போயிற்று. ஒன்று நாய் படம் வரைந்த குழந்தையிடமிருந்து.

ஐவின் அவனைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். டேப்பில் இருப்பதை ஒளிபரப்புக்கு முன் எவரிடமும் சொல்வதில்லை, சொன்னால் அன்றே வேலை போகும் என்று அதில் இருந்தது.

"ரொட்டிக் கடையில இப்ப வேற ஆள் இருக்கான், விசாரிச்சேன்" என்றார். "இங்கேருந்து போனா உனக்கு மீன் ஆலைதான். நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடு."

சகாரிஸ் தன் கைகளைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரம். நாற்பத்தொரு வயதில் முதல் முறையாக, அவன் பேசினால் கேட்க ஒரு நாடே காத்திருந்தது. பேசக் கூடாது. மனைவி ரான்வாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "நீ சொல்ல வேணாம். தூக்கத்துல பேசற" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள். அன்றிலிருந்து அவன் தாடையைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

கடைசி அத்தியாயத்தின் டேப் திங்கட்கிழமை வந்தது. அந்த விமானத்தில் வந்த ஒன்பது பேரும் ஏதோ ஜெபக் கூட்டத்திலிருந்து திரும்பியவர்கள். டெலிவிஷன் பாவம் என்று நம்புகிறவர்கள். அதன்பின் மூடுபனி இறங்கியது. விமானம் இல்லை, டேனிஷ் பத்திரிகை இல்லை. டென்மார்க்கில் இருக்கிற சொந்தக்காரர்கள் போன் செய்தால், எடுத்த எடுப்பில் "சொல்லிடாதே" என்று கத்திவிட்டுத்தான் நலம் விசாரித்தார்கள். தீவுகளில் முடிவு தெரிந்தவன் ஒருவனே.

புதன்கிழமை சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பின் போன் அடித்தது. ரான்வாவின் தம்பி ஓலவர், கிரீன்லாந்துக் கடலிலிருந்து. ஒரு மீன்பிடிக் கப்பலில் சமையல்காரன். மூன்று மாதமாகக் கடலில்தான். கரை நிலையத்து ஆப்பரேட்டர் பெண் இணைப்பைக் கொடுத்துவிட்டு விலகினாள்.

கப்பலோடு பேசுவதென்றால் போனில் சொல்வது கரை நிலையத்தின் வழியாக வானத்தில் போகும். வானத்தில் போவதை எந்த வீட்டுச் சமையலறை ரேடியோவிலும் பிடிக்கலாம். தற்செயலாகக் காதில் விழுந்தால் குற்றமில்லை, விழுந்ததை இன்னொருவரிடம் சொன்னால் குற்றம் என்பது சட்டம். எனவே ஒவ்வொரு சாயங்காலமும் ஏழு மணிக்கு, நாடு முழுக்க எல்லா ரேடியோ முள்ளும் தற்செயலாகக் கப்பல் அலைவரிசையில் போய் நிற்கும். யார் யாரோடு சண்டை, எந்தக் குழந்தைக்குப் பல் முளைத்தது, எவன் எங்கே எவ்வளவு மீன் பிடித்தான், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் எதுவும் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு யாராவது உள்ளே வந்தால் முள் பக்திப் பாட்டுக்குத் தாவிவிடும்.

"மச்சான், கேக்குதா? ஓவர்."

"நல்லா கேக்குது. ரான்வா பக்கத்துலதான் இருக்கா. மீன் எப்படி? ஓவர்."

"மீன் கெடக்குது விடு. வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம். இங்க இருபத்தெட்டு பேரும் அடிச்சுக்கறானுங்க. கேப்டன் மருந்துக்கடைக்காரன்ங்கறார். நான் தம்பிக்காரன்ங்கறேன். தோத்தவன் ஊர் வர்ற வரைக்கும் பாத்திரம் கழுவணும். நான் சமைக்கவும் செய்யணும், கழுவவும் செய்யணுமா? ஒரே ஒரு பேரு சொல்லு மச்சான். ஓவர்."

"சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன். ஓவர்."

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன்? இங்க சுத்தியும் பனிக்கட்டிதான். ஓவர்."

"முடியாதுன்னா முடியாது. ஓவர்."

பிறகு ஓலவர் சிரித்தான்.

"சரி விடு. இவனுங்க சொன்னதுதான் சரி போலிருக்கு. சகாரிஸுக்கு என்ன தெரியும், டேப்ப வண்டியில ஏத்தி எறக்கறவன், பெட்டியைத் தெறந்து பாக்க விடுவாங்களான்னு. நான்தான் உனக்குப் பரிஞ்சு பேசினேன். பாத்திரம் கழுவினாலும் பரவால்ல, அவமானமா இருக்கு மச்சான். ஓவர்."

ரான்வா எதிரே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள். சகாரிஸின் காது மடல் சிவந்தது. மீன் பட்ட கை மாதிரி.

"யாருக்குத் தெரியாது? எனக்கா? நாட்டுல எனக்கு மட்டும்தான்டா தெரியும்! தம்பியும் இல்ல, மருந்துக்கடைக்காரனும் இல்ல. பாதிரியார்! பாதிரியார்தான் தள்ளினது! அங்கியைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத் தள்ளினாரு, கறை படக் கூடாதுன்னு. பிரசங்கம் பண்ணிட்டு நிக்கறப்பவே போலீஸ் வந்து முன் பெஞ்சுல உக்காருது. போதுமா? இதையும் சொல்லு உன் கேப்டன்கிட்ட. ஓவர்!"

அந்த 'ஓவர்' அவனுக்கு இரண்டு முறை கேட்டது. ஒன்று அவன் வாயிலிருந்து. இன்னொன்று கட்ரீனா வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து.

அங்கே சட்டென்று பக்திப் பாட்டு ஆரம்பித்தது.

ரிசீவரில் இரைச்சல் ஏறி ஏறி இறங்கியது. ஆப்பரேட்டர் பெண் வந்தாள். "இணைப்பு போயிடுச்சு. வடக்குல வானம் சரியில்ல. நீங்க பேசினதுல ஒரு வார்த்தைகூட அங்க போய்ச் சேரல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. இங்க சுத்துவட்டாரத்துல மட்டும் மணி மாதிரி கேட்டிருக்கும்." பிறகு தாழ்ந்த குரலில், "பாதிரியாரா?" என்றாள். உடனே, "நான் ஒண்ணும் கேக்கல, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

சகாரிஸ் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். யாருக்குச் சொல்லியிருக்க வேண்டுமோ அவனுக்குப் போகவில்லை. மற்ற எல்லோருக்கும் போய்விட்டது.

"ஐவின் நாளைக்குக் காலையில கூப்பிடுவாரு" என்றான். "மீன் ஆலைக்குக் கையுறை வாங்கணும்."

ரான்வா கம்பளிப் பின்னலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உக்காரு. முதல்ல யாராவது வராங்களான்னு பாப்போம்."

கட்ரீனா வந்தாள். கதவைத் தட்டுகிற வழக்கம் அங்கே கிடையாது. கையில் ருபார்ப் ஜாம் பாட்டில். அவள் முகத்தில் இருந்த அமைதி, யாரோ கெட்டியாகப் பிடித்து வைத்த மாதிரி இருந்தது.

"சும்மா குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். இன்னைக்கு ரேடியோவுல ஒரே பாட்டு. நல்ல பாட்டு."

"என்ன பாட்டு?" என்றாள் ரான்வா.

"சாமி பாட்டு."

"பாதிரியார் பாடினதா?"

கட்ரீனாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஜாமை மேஜையில் வைத்தாள். "அடுப்புல உருளைக்கிழங்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"பாத்தியா?" என்றாள் ரான்வா. "ரேடியோவுல கேட்டவங்க யாரும் உன்கிட்ட வாயத் தெறக்க மாட்டாங்க. தெறந்தா, 'உனக்கு எப்படித் தெரியும்?'னு கேளு. அவ்வளவுதான்."

சகாரிஸுக்கு இது சரியாகப் பிடிபடவில்லை. இரவு மப்ளர் கட்டாமல் படுத்தான். இனிமேல் எதற்கு?

வியாழக்கிழமை காலை ரொட்டிக் கடையில் பதினைந்து பேர் நின்றார்கள். பதினோரு வாரமாக அவன் உள்ளே நுழைந்தால் எல்லாத் தலையும் திரும்பும். இன்று ஒரு தலையும் திரும்பவில்லை. எல்லோரும் மூடுபனியைப் பற்றிப் பேசினார்கள். பனி அடர்த்தியாக இருப்பதாக ஒருவர் சொன்னார். ஆமாம், அடர்த்தி என்றார் இன்னொருவர். "நாளைக்கு யாரு கொலைகாரன்னு தெரிஞ்சிடும்" என்று ஒரு பெண்மணி உரக்கச் சொன்னாள். "தெரிஞ்சிடும், தெரிஞ்சிடும்" என்று கடை முழுவதும் சொல்லியது. "என்னால ஊகிக்கவே முடியல" என்றார் ஒரு கிழவர், தேவைக்கு அதிகமாகக் கைகளை விரித்து.

அப்போது நிஜப் பாதிரியார் உள்ளே வந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். அவருக்கு முன்னால் நின்ற நான்கு பேரும் வழி விட்டு ஒதுங்கினார்கள்.

"என்ன, இன்னைக்கு எல்லாரும் இவ்வளவு மரியாதை?" என்று அவர் சிரித்தார். அந்தத் தெருவில் சமையலறை ரேடியோ இல்லாத வீடு அவருடையது ஒன்றுதான். ரொட்டிக்காரர் ரொட்டியை அவர் கையில் கொடுக்காமல் மேடையில் வைத்து நகர்த்தினார்.

பந்தயக்காரர்கள் பாடு வேறு. புதன்கிழமை இரவே ஆளாளுக்கு மனம் மாறியிருந்தது. வியாழன் மதியத்துக்குள் பாதிரியார் மேல் கட்ட நூறு பேர் தயார். எதிர்த்துக் கட்ட ஒருவர் கிடைக்கவில்லை. இதுவரை எந்த அத்தியாயத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் தலை காட்டாத ஒரு பாதிரியாரை நாடே திடீரென்று சந்தேகப்பட்டது ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவும் இல்லை.

ஐவின் மூன்று மணிக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்தத் தாள், சகாரிஸின் கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி.

"உக்காரு. நேத்து சாயங்காலம் நீ ஒரு விஷயம் சொல்லியிருக்க."

"யாருகிட்ட?"

"உன் மச்சான்கிட்ட."

"அவன் கிரீன்லாந்துல இருக்கான்."

"தெரியும்."

"அவன்கிட்ட நான் பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சகாரிஸ் தந்திரமாகக் கேட்கவில்லை. ரான்வா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான், அவ்வளவுதான். ஆனால் ஐவினின் கழுத்து காலருக்குள் மெதுவாகச் சிவந்து வருவதைப் பார்த்ததும், நேற்று ரான்வா என்ன சொன்னாள் என்பது அவனுக்கு இப்போது புரிந்தது.

"காத்துவாக்குல வந்துச்சு" என்றார் ஐவின்.

"எந்தக் காத்து?"

"நேத்து ஏழு பத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நாட்டின் ஒலிபரப்பு விதிகளை மதிப்பதாக உறுதிமொழி எடுத்த மனிதர். அந்த உறுதிமொழி சட்டகம் போட்டு அவர் தலைக்குப் பின்னாலேயே மாட்டியிருந்தது. எழுந்து கதவைத் திறந்து கத்தினார். "நேத்து சாயங்காலம் கப்பல் அலைவரிசையில யாராவது ஏதாவது கேட்டீங்களா?"

அடுத்த அறையில் அறிவிப்பாளர், ஒலிப் பொறியாளர், டைப்பிஸ்ட் மூவரும் இருந்தார்கள். மூவரும் நேற்று சாயங்காலம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்களாம். ஒலிப் பொறியாளர் உட்பட.

"ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேக்கறது தப்பில்லையா ஐவின்?" என்றாள் அறிவிப்பாளர், கண்ணை அகல விரித்து.

ஐவின் கதவைச் சாத்தினார். தாளை எடுத்தார், வைத்தார். "டென்மார்க்கோட நமக்கு இருக்கற ஒப்பந்தம் என்னாகறது? முடிவு முன்கூட்டியே வெளிய போச்சுன்னா?"

"வெளிய போச்சா? யாருக்குத் தெரியுமாம்?"

ஐவின் தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"யாருக்கும் தெரியாது" என்றார் கடைசியில். "இந்த நாட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அப்போ நாளைக்குப் போடலாமா?"

"போடு." சகாரிஸ் கதவருகே போனதும் அவர் மறுபடியும் பேசினார். "சகாரிஸ், அங்கியை எதுக்குக் கழட்டினாருன்னு சொன்ன? அது நேத்து சரியா..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

வெள்ளிக்கிழமை தெருவில் ஒரு பூனை இல்லை. சகாரிஸ் வீட்டுக் கூடத்தில் பதினொரு பேர். காபி, கேக், உலர்ந்த மீன். எல்லோர் முகத்திலும் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளின் பதற்றம். தெரியாத மாதிரி இருப்பது தெரிந்துகொள்வதைவிடக் கஷ்டம். ஒருவர் முதலாளியின் தம்பியைப் பார்த்து "ஹூம்" என்றார். மருந்துக்கடைக்காரர் திரையில் வந்தபோது இன்னொருவர், "பாரு, பாரு, கண்ணைப் பாரு" என்று தொடையில் தட்டினார். ரான்வா கணக்கர் பேசும்போதெல்லாம் பின்னலை நிறுத்தி உதட்டைக் கடித்தாள். அவ்வளவு நன்றாக அவள் நடிப்பாள் என்று பதினெட்டு வருடத்தில் சகாரிஸுக்குத் தெரியாது. அவனுக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது.

கட்ரீனா முன் வரிசையில். மடியில் கைக்குட்டை தயார். பாதிரியார் மேடையேறிப் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஐயோ! பாதிரியாரா!" என்று அலறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

திரையில் இன்னும் போலீஸ் வரவில்லை. பிரசங்கம் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல..." என்றாள் கட்ரீனா. "பாதிரியாரா இவரு, எவ்வளவு அழகா பேசறாருன்னு..."

"ஆமா, அழகாத்தான் பேசறாரு" என்றாள் ரான்வா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

நான்கு நிமிடம் கழித்துப் போலீஸ் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பதினொரு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். அந்தத் தெருவின் எல்லா வீடுகளிலிருந்தும் அதே சத்தம் ஒரே சமயத்தில் வந்தது. நாடு முழுவதும் திடுக்கிட்டது. நிஜமாகவே திடுக்கிட்டவர் நிஜப் பாதிரியார் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கியைக் கழற்றாமலேயே வீட்டுக்குப் போனார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடியும் போன்.

"மச்சான், புதன்கிழமை லைன் போயிடுச்சு. நீ ஏதோ கத்தற மாதிரி இருந்துச்சு. கோவமா? நான் சும்மா சீண்டத்தான் அப்படிச் சொன்னேன். இப்பவாவது சொல்லு, நேத்தே போட்டாச்சு இல்ல? இங்க எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறானுங்க. ஓவர்."

சகாரிஸ் ரான்வாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். போட்டாகிவிட்டது. தாளில் இருந்தது ஒளிபரப்புக்கு முன்பு வரைக்கும்தான். இனி யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ எந்த அத்தியாயத்தோட கப்பலேறினே? ஓவர்."

"எங்க? நான் ஒண்ணுகூடப் பாக்கலை. ரான்வா லெட்டர்ல எழுதினதுதான். ஓவர்."

"அப்ப முதல்லேருந்து கேளு" என்றான் சகாரிஸ்.

ஆலையின் புகைபோக்கியிலிருந்து ஆரம்பித்தான். மழை எப்படிப் பெய்தது, தொட்டியில் முதலாளியின் தொப்பி எப்படிச் சுற்றிச் சுற்றி மிதந்தது, அதைப் பார்த்த வேலைக்காரி எந்த விரலைக் கடித்தாள், எல்லாம் சொன்னான். மருந்துக்கடைக்காரர் மாதிரி மூக்கால் பேசினான். வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி மாதிரி பெருமூச்சு விட்டான். ஆறு நிமிடம் ஆனதும் கரை நிலையத்து ஆப்பரேட்டர் குறுக்கிட்டு நேரமாச்சு என்று சொல்வது வழக்கம். ஆறு நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. அவள் குறுக்கிடவில்லை. இணைப்புக்காக வரிசையில் காத்திருந்த கப்பல்கள் எதுவும் பொறுமையிழந்து சத்தம் போடவும் இல்லை.

ஏழாவது அத்தியாயத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினான்.

அப்போது முன்பின் கேட்டிராத ஒரு கரகரப்பான குரல், ஐஸ்லாந்துப் பக்கம் இருக்கிற ஏதோ கப்பலிலிருந்து, அலைவரிசையில் நுழைந்தது.

"கணக்கரோட மனைவி கடிதாசியைக் கிழிச்சாளே, அதை விட்டுட்டே. என் வீட்டுக்காரி சொன்னா. ஓவர்."

"அது எட்டுல வருதுய்யா" என்றது இன்னொரு குரல், அதைவிடத் தூரத்திலிருந்து. "அவன் சரியாத்தான் சொல்றான்."

"எட்டா? ஏழுல இல்ல?"

ஆப்பரேட்டர் பெண் வந்தாள். கடமைக் குரலில்தான் பேசினாள்.

"எல்லாக் கப்பலும் கவனிக்கவும். அலைவரிசையில யாரும் குறுக்க பேசக் கூடாது. அவரு சொல்லி முடிக்கட்டும். ஓவர்."

சகாரிஸ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எட்டாவது அத்தியாயத்தை ஆரம்பித்தான்.